பதினாலாம் நம்பர் டோக்கன்

என்னைவிடப் பெரிய மடையனை நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் கட்டிய மனைவியைக் கடலில் மிதக்க விட்டுவிட்டு, எல்லாரும் ஏறியாயிற்று, படகை எடுக்கலாம் என்று கணக்குக் காட்டிய மடையனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த மடையன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை என் மனைவியும் ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொள்கிற விதம்தான் வலிக்கிறது. "இவருக்கு அவ்வளவு தூரம் பிளான் பண்ண வராதுங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது பார்படாஸில். நெய்வேலியில் வேலை பார்த்து ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்திலேயே வடக்குத்து கிராமத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிற ஆசாமிக்குப் பார்படாஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தீவின் பெயரை நான் அதுவரை கிரிக்கெட் வர்ணனையில் மட்டும்தான் கேட்டிருந்தேன். அங்கே மைதானம் தவிர வீடு வாசல், கடை கண்ணி, கரும்புக் கொல்லை எல்லாம் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

எல்லாம் மகளின் ஏற்பாடு. அவள் கனடாவில் இருக்கிறாள். "அப்பா, நீங்க ரிட்டயர் ஆனதுக்கு என் கிஃப்ட். இங்க வந்து ரெண்டு மாசம் இருங்க. நடுவுல அம்மாவும் நீங்களும் அஞ்சு நாள் பார்படாஸ் போயிட்டு வாங்க. அம்மா பவளப்பாறை பாக்கட்டும்" என்றாள். கவனியுங்கள். ரிட்டயரானது நான். பார்க்கப் போவது அம்மா.

அதிலும் நியாயம் இருந்தது. என் மனைவி டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் டீச்சர். இருபத்தாறு வருஷம் குழியுடலிகள் பாடம் நடத்தியவள். லேபில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப்போன பவளத் துண்டு ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதைத் தூக்கிக் காட்டி, "இது செத்தது. உயிரோட இருக்கும்போது கலர் கலரா இருக்கும். பொடிப் பொடியா வாய் இருக்கும், பூ மாதிரி விரிஞ்சு மூடும்" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், காப்பியைக் கையில் வைத்து ஆறவிட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதில் என் பங்கைச் சொல்லாமல் விட்டால் தப்பு. உயிருள்ள பவளப்பாறை தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. அவள் தாமிரபரணிக் கரைக்காரி. அவள் அம்மா வீட்டிலிருந்து அந்தக் கடலுக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு லீவுக்கும் கேட்பாள். ஒவ்வொரு லீவுக்கும் நான், "அடுத்த தடவை கண்டிப்பா" என்பேன். ஒரு தடவை ஷிப்ட் மாறியது, ஒரு தடவை பம்ப் கெட்டது, ஒரு தடவை எனக்குச் சோம்பலாக இருந்தது. இப்படி ஒன்றரை மணி நேர தூரத்தை நான் இருபத்தாறு வருஷம் நீட்டி, கடைசியில் உலகத்தின் அந்தக் கோடிக்கே கொண்டுபோய் விட்டேன்.

நான் பார்த்த வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் ஏகப்பட்ட அழுத்தத்தில் கிடக்கிறது. ராத்திரி பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். விட்டால் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அந்தப் பம்புகளோடுதான் முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினேன். அதனால் தண்ணீர் விஷயத்தில் யார் வாயைத் திறந்தாலும் எனக்குப் பொறுக்காது.

மகள் வீடியோ காலில், "அப்பா, மீசையை எடுத்துடுங்க. மீசை இருந்தா மாஸ்க் மூஞ்சியில ஒட்டாது. தண்ணி உள்ள வந்துடும்" என்றாள்.

"தண்ணியைப் பத்தி நீ எனக்குச் சொல்லித்தர்றியா? முப்பத்து மூணு வருஷம்..."

"தண்ணியை வெளியே தள்ளுற வேலைதானே பாத்தீங்க" என்று பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "உள்ளே இறங்கினதா சரித்திரமே இல்லையே."

மீசையை எடுக்கவில்லை. அது என் கல்யாணத்துக்கு முந்தியது. சீனியாரிட்டி உள்ளது.

ஆன்லைனில் முகத்துக்கு மாஸ்க்கும் மூச்சுவிடுகிற குழாயும் வரவழைத்தோம். தண்ணீருக்கு மேலே முகத்தைக் கவிழ்த்து மிதந்துகொண்டு, வாயில் குழாயைக் கவ்வி மூச்சு விட்டபடி கீழே பார்க்க வேண்டும். ஸ்நார்க்கலிங் என்பது அவ்வளவுதான். மனைவி மொட்டைமாடியில் பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்து தினமும் காலையில் அரை மணி நேரம் முகத்தைக் கவிழ்த்து மூச்சுவிடப் பழகினாள். அடியில் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று நாலு கொத்தமல்லித் தழையையும் போட்டுக்கொண்டாள். நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து பழகினேன். தண்ணீர் இல்லாமல் பார்த்தால் எனக்கு அருமையாக வந்தது.

ஒரு நாள் என் பழைய சகா பார்க்க வந்தார். கம்மாபுரத்துக்காரர். ஒரே செக்ஷனில் இருபது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். மாடிக்கு ஏறி வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? டீச்சரம்மா அண்டாவுல மூஞ்சியை வெச்சிகினு இருக்குறாங்க? ஒடம்புக்கு ஏதுனா முடியலியா?"

"மீன் பாக்கப் போறோம்யா. வெளிநாட்டுல. அதுக்கு டிரெயினிங்."

"மீன் பாக்க வெளிநாடா? காத்தால கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்குப் போனா உசுரோடவே துள்ளிகினு இருக்குமே. வேணும்னா வாங்கிகினும் வரலாம்."

இவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்படாஸில் நான் செய்த காரியத்துக்கு விதை இவரிடம்தான் இருக்கிறது. நாங்கள் சேர்ந்த காலத்தில் முகத்தைக் காட்டினால் வருகை பதிகிற மெஷினெல்லாம் கிடையாது. டைம் ஆபீஸில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன், நம்பர் போட்டது. ஷிப்டுக்கு வந்ததும் அவரவர் டோக்கனைத் திருப்பி மாட்ட வேண்டும். மணி அடித்ததும் போர்மேன் வந்து, திரும்பாத டோக்கன் எது என்று பார்ப்பார். நம் கம்மாபுரத்துக்காரருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு நேரத்தில் வந்து சேரும் பழக்கம் இல்லை. கால்மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். தினமும் ஒரு காரணம். "மாடு கயித்தை அறுத்துகினு ஓடிட்ச்சிங்க." மாடு வாரத்துக்கு நாலு நாள் ஓடும். அதனால் என் டோக்கனைத் திருப்பும்போதே அவருடையதையும் சேர்த்துத் திருப்பிவிடுவேன். எனக்குத் தேவைப்பட்ட நாளில் அவர் செய்தார். மகள் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருக்க, என் டோக்கன் மட்டும் ஒழுங்காக வேலை பார்த்தது. தன் டோக்கனை மட்டும் திருப்பிவிட்டுப் போகிறவனை எங்கள் செக்ஷனில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

சரி, தீவுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு நாள் சுற்றிப் பார்க்கிற நாள். மகள் மணிவாரியாக அட்டவணை போட்டு அனுப்பியிருந்தாள். அதில் டீ குடிக்க இடமே விடவில்லை. எனக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் கிரீமைப் பூசினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பூசாவிட்டால் மனைவி பின்னாலேயே ட்யூபைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நான் ஓப்பன்காஸ்ட் சுரங்கத்துல மே மாச வெயில்ல நின்னவன்" என்றேன். "அதான் தெரியுதே, இதுக்கு மேல கறுக்க இடமில்ல, இருந்தாலும் பூசுங்க" என்றாள். சாலையோரம் சீமைப்பலா மரம் பார்த்தோம். அடியில் காய் விற்றவரிடம் எங்கள் பண்ருட்டிப் பலா இவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் மனைவியைப் பார்த்தார். அவளும் பாதியாகக் குறைத்துக்கொள்ளும்படி சைகை காட்டினாள். சொந்த ஊர்ப் பலாவுக்கே இந்த கதி.

அடுத்து சுண்ணாம்புக் குகை. குட்டி ரயில் மாதிரி ஒரு வண்டியில் ஏற்றி, தலையில் ஹெல்மெட்டை மாட்டி உள்ளே கூட்டிப்போனார்கள். ஹெல்மெட் தலையில் ஏறியதும் எனக்குள் இருந்த பழைய ஆள் எழுந்துகொண்டான். சுவரெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது, கீழே ஓடை ஓடுகிறது. வழிகாட்டிப் பெண்ணிடம், எத்தனை பம்ப் ஓடுகிறது என்று கேட்டேன். பம்ப் எதுவும் இல்லை, தண்ணீர் அதன் வழியில் போகும் என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மின்சாரம் போனால், மழை கூடினால், அடியிலிருந்து அழுத்தம் வந்தால் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். வண்டியில் இருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது.

மனைவி என் தொடையில் கிள்ளினாள். "ஏங்க, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க."

மூன்றாம் நாள் காலை படகு. மனைவி ஐந்து மணிக்கே குளித்துத் தயாராகி, கட்டில் ஓரத்தில் குழாயும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அரசாங்கப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது முகம். எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இன்றைக்குப் பார்க்காவிட்டால் இனி இவள் பார்க்கப் போவதில்லை. என்னை நம்பி இன்னொரு 'அடுத்த தடவை'க்கு இவள் காத்திருக்க மாட்டாள்.

படகில் இருபது பேர் இருந்தோம். ஓட்டுகிறவர் தூண் மாதிரி ஆள், குரல் சுரங்கத்து சைரன் மாதிரி. உதவிக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கழுத்தில் விசில். எல்லாருக்கும் மஞ்சள் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு அந்த அம்மாள் விதிகளைச் சொன்னார். இரண்டு இடத்தில் படகு நிற்கும். முதல் இடத்தில் ஆமைகள். இரண்டாவது இடத்தில்தான் பவளப்பாறை. யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடி ஜோடியாகத்தான். பிறகு படகின் பின்புறம் இருந்த பலகையைக் காட்டினார். வரிசையாக வட்ட வட்டமாக டோக்கன், நம்பர் போட்டது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. இறங்கும்போது சிவப்பு, ஏறியதும் பச்சை. அவரவர் டோக்கனை அவரவர்தான் திருப்ப வேண்டும். இதை மூன்று தடவை சொன்னார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "ஏம்மா, இங்க பாரேன், நம்ம டைம் ஆபீஸ்!"

"அவங்க சொல்றதைக் கேளுங்க முதல்ல" என்றாள்.

எனக்குப் பதின்மூன்று. அவளுக்குப் பதினாலு. கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அவளுக்குக் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது. மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது. வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து பட்டனைப் போட்டேன். சட்டையோடுதான் இறங்கினேன். வெற்றுடம்பைக் காட்டுகிற துணிச்சல் எனக்கு எந்த நாட்டிலும் இல்லை.

இறங்கியதும் மகள் சொன்னது நடந்தது. மீசை வழியாகக் கடல் உள்ளே வந்தது. பம்ப் இல்லாத சுரங்கம் எப்படி நிரம்பும் என்பதை முப்பத்து மூன்று வருஷம் கழித்து உள்ளே இருந்தே பார்த்தேன். கண்ணுக்குள் உப்பு, மூக்குக்குள் உப்பு. குழாயைக் கடித்தபடி இருமினேன். மனைவி தலையைத் தூக்கி, "மேல போறீங்களா?" என்றாள். நாலு நிமிஷத்தில் நான் ஏணியில் இருந்தேன். விசில் அம்மாள் என் மீசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு, அந்த அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். நான் ஒழுங்காக என் டோக்கனைப் பச்சைக்குத் திருப்பிவிட்டு, இஞ்சி போட்ட ஏதோ ஒரு பானத்தைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்து விசில். ஒவ்வொருவராக ஏறினார்கள், டோக்கனைத் திருப்பினார்கள். அந்தக் குடும்பமும் ஏறிவிட்டது. விசில் அம்மாள் காலில் மாட்டுகிற துடுப்புகளை வாங்கி அடுக்குவதில் மும்முரமாக இருந்தார். பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று படகுகள். அந்த ஆட்களும் அதே மஞ்சள் சட்டை. அவர்களுக்கு நடுவே என் மனைவி குப்புற மிதந்துகொண்டிருப்பது தெரிந்தது. இதோ வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பலகையில் எல்லாம் பச்சை. பதினாலு மட்டும் சிவப்பு. படகோட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பலகைப் பக்கம் திரும்பப் போனார். அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். அது மணி அடித்ததும் போர்மேன் திரும்புகிற திரும்பல். ஐயோ பாவம், லேட் மார்க் விழப் போகிறதே!

கை தானாகப் போனது. பதினாலைத் திருப்பி, சாயாமல் நேராக நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்ததும் எதிரே இருந்தவர் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். நாட்டை விட்டு வந்த பிறகு என்னை அப்படிக் கேட்ட முதல் மனிதர். விடுவேனா? மேல் மண்ணை எப்படி வெட்டி அப்புறப்படுத்துவது என்பதில் ஆரம்பித்தேன். நடுவில் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. வாழ்நாளெல்லாம் மோட்டார் சத்தத்தில் இருந்தவனுக்கு அது சத்தமாகவே தெரியவில்லை. நின்றிருந்தால்தான் திடுக்கிட்டிருப்பேன். நிலத்தடி நீருக்கு வந்தபோது படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. பேனாவுக்காகச் சட்டைப் பையில் கையை விட்டேன்.

கையில் வந்தது அவள் கண்ணாடி.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் படகுகளெல்லாம் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தன. என் வாயிலிருந்து இங்கிலீஷ் மொத்தமும் கழன்று போய்விட்டது. மிச்சம் இருந்தது முப்பத்து மூன்று வருஷம் கத்திய ஒரே வாக்கியம்தான். எழுந்து நின்று, "ஸ்டாப் த பம்ப்! ஸ்டாப் த பம்ப்!" என்று அலறினேன். எந்தப் பம்ப் என்று படகோட்டி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் படகைத் திருப்பிவிட்டார்.

திரும்பிப் போனது இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அந்தப் பலகை எதற்கு என்பது எனக்கு உறைத்தது. சுரங்கத்திலும் அது அதற்குத்தான் இருந்தது. யார் லேட் என்று பார்க்க மட்டும் அல்ல. கீழே யார் இருக்கிறார்கள் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிய. கம்மாபுரத்துக்காரர் வராத நேரத்தில் வந்ததாகவும், நான் இல்லாத நாளில் இருந்ததாகவும் அந்தப் பலகை எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கும்? ஒரு நாளும் எதுவும் ஆகாமல் போனது எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தோம்.

அவள் விட்ட இடத்திலேயே மிதந்துகொண்டிருந்தாள். குப்புறக் கவிழ்ந்து, குழாய் மட்டும் மேலே. படகு நெருங்கிய அலையில் தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கேட்டாள்:

"அதுக்குள்ள டைம் ஆயிடுச்சா?"

போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஏணியில் ஏறிக்கொண்டே, "ரெண்டு ஆமைங்க. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நம்ம வீட்டு அரிவாள்மணைப் பலகை அளவுக்கு இருக்கும் சின்னது" என்று மூச்சுவாங்கச் சொன்னாள். கேட்க ஒருவரும் இல்லை. படகோட்டி விசில் அம்மாளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். எண்ணத் தெரியாதா, இன்றோடு வேலை போதும், கரைக்குப் போனதும் கணக்கை முடித்துக்கொள் என்கிற அளவுக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு, எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் பத்து விநாடி வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன். யாரும் பார்க்கவில்லை. பதினோராவது விநாடி அந்த அம்மாள் தன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றப் போனார். எழுந்துவிட்டேன்.

"நான்தான் திருப்பினேன். அவர் மேல் தப்பில்லை."

படகு முழுக்க என்னைப் பார்த்தது. மனைவிதான் கடைசியாகப் பார்த்தாள்.

"என் டோக்கனை நீங்க திருப்புனீங்களா?"

"லேட்டுன்னு சொல்லிடப் போறாங்களேன்னு..."

அவள் என் கையில் இருந்த கண்ணாடியை எடுத்தாள், துண்டில் துடைத்தாள், மாட்டிக்கொண்டாள். பிறகு என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். கண்ணாடியைக் கடலில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

படகோட்டி பலகையிலிருந்து பதின்மூன்றைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். சஸ்பென்ஷன். அதுகூடப் பரவாயில்லை. பதினாலையும் கழற்றினார். ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, ஆகவே அடுத்த இடத்தில் அந்த அம்மாவும் இறங்க முடியாது என்றார். நியாயம் அவர் பக்கம்தான்.

மனைவி மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்துவிட்டு, பெஞ்சு ஓரத்தில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் யாரோ கொடுத்த காகித டம்ளர். குடிக்கவில்லை. காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்து முகம்.

இருபத்தாறு வருஷம் தள்ளிப்போட்டு, கடைசி அரை மணி நேரத்தில் ஒரேயடியாகக் கெடுத்துவிட்டேன். எனக்கு என்மேல் வந்த எரிச்சலில் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. படகின் சுவரில் முதலுதவிப் பெட்டி தொங்கியது. திறந்தேன், கத்தரிக்கோலை எடுத்தேன், வலதுபக்க மீசையை ஒரே வெட்டாக வெட்டினேன். "சார், மீசை இல்லை. மாஸ்க் ஒட்டும். நான் அவளோடு இறங்குகிறேன்" என்று படகோட்டியிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் மீசையோடு எனக்குச் சண்டை இல்லை. உன் கையோடுதான்" என்றார்.

பாதி மீசையும் கத்தரிக்கோலுமாக நின்றேன். முதலில் சிரித்தது விசில் அம்மாள்தான். அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகோட்டியின் பைக்குள் கையை விட்டுப் பதினாலை எடுத்துப் பலகையில் மாட்டினார். காலில் துடுப்பை மாட்டிக்கொண்டார். "அந்த அம்மாவுக்கு ஜோடி நான்" என்றார்.

படகு பவளப்பாறைக்கு மேல் போய் நின்றதும் மனைவி என்னிடம் வந்து கண்ணாடியைக் கழற்றினாள். நான் கையை நீட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முக்கால் மணி நேரம் இருந்தாள். மற்ற ஜோடிகள் ஏறிய பிறகும் அவர்கள் இரண்டு பேரும் தண்ணீரிலேயே இருந்தார்கள். படகோட்டி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் அவள் குழாய் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே என்ன பார்க்கிறாளோ தெரியாது. ஒரு இடத்தில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் வெகுநேரம் மிதந்தாள். மேலே வந்து, தன் டோக்கனைத் தானே திருப்பினாள். என்னைப் பார்க்காமலே திருப்பினாள்.

"பாத்தியா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து சேர்ந்தோம். மீசை மறுபடி வளர்ந்துவிட்டது. இடதும் வலதும் இன்னும் ஒரே ஷிப்டுக்கு வரவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். பழைய குவார்ட்டர்ஸ் பிளாக் பெண்கள், அவளிடம் படித்த பிள்ளைகள். எல்லாருக்கும் சொல்கிறாள். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று இருந்ததாம், ஊதா நிறத்தில் விசிறி ஒன்று அலைக்கு ஆடியதாம், அதன் மேல்... அந்த இடம் வரும்போது நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். உடனே, "இருங்க, காப்பி போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவாள்.

போன வாரம் கம்மாபுரத்துக்காரர் வந்தார். அவருக்கும் சொன்னாள். நான் தெருமுனைக்குப் போய் பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் மொத்தமும் சொல்லி முடித்துவிட்டாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தினி வாயிங்க! எல்லாம் தொறந்துகினு இருந்துச்சாமே!" என்றார் என்னிடம்.

"எத்தனை வாய்? எங்க தொறந்துகிட்டு இருந்துச்சு?"

"இன்னாங்க, கூடப் போன ஆளு நீங்க, என்னைக் கேக்குறீங்க?"

அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படி வாசலில் போய் நின்றேன். "ஊருக்கெல்லாம் சொல்ற. அவருக்குக்கூடச் சொல்லிட்ட. ரெண்டு மாசமா கேக்குறேன், எனக்கு மட்டும் ஏம்மா சொல்ல மாட்டேங்கற? அங்க கீழ என்னதான் பாத்த?"

அவள் பாலை அடுப்பில் ஏற்றினாள். திரும்பவில்லை.

"உங்களுக்கும் சேத்து நானே பாத்துட்டேன், விடுங்க."